பத்து வரைக்கும் சிலை

"அந்தப் பையனை எப்ப அனுப்பப் போறீங்க டீச்சர்? இன்னிக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

மருந்துக்கடையைப் பாதி நாளில் பூட்டிவிட்டு வந்திருந்தாள் அந்த அம்மா. கையில் புகார்க் கடிதம். கீழே பதினோரு பெற்றோர் கையெழுத்து. வீடு வீடாக ஏறி இறங்கி அவளே வாங்கியது.

மழலையர் வகுப்பு டீச்சர் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பத்து நாளைக்கு முன்னால என் பொண்ணு முதுகுல அறைஞ்சிருக்கான். நாலரை வயசுல இந்தப் போடு போடறான்! பெத்துப் போட்டா ஆச்சா? அடக்கி வளர்க்க வேண்டாமா?"

"மூணு பள்ளிக்கூடம் மாறி வந்தவன் மேடம். இங்கேருந்தும் அனுப்பிட்டா அவனை வேற யாரும் சேர்த்துக்க மாட்டாங்க."

"அதுக்கு என் பொண்ணு அடி வாங்கணுமா? நீங்க இதுவரைக்கும் என்னதான் செஞ்சீங்க?"

"விளையாடறோம்."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விளையாட்டா? நல்லா இருக்கு போங்க உங்க நியாயம்!"

உள்ளே தடதடவென்று சத்தம். இருவரும் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

அந்தப் பையன் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் தரையில் சிதறிக் கிடந்தது. இடித்தது அம்மாவின் மகளேதான். பாவம், குழந்தை, தெரியாமல் கால் பட்டிருக்கும். பையன் முகம் சிவக்க எழுந்தான். கை மேலே போனது.

"ஐயையோ!" கதவைத் தள்ளப் போனவளை டீச்சர் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"சிலை!" என்று கத்தினாள் மகள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான் பையன். கை இறங்கவில்லை. வாண்டுகள் எல்லாம் ஓடி வந்து சுற்றி நின்று எண்ண ஆரம்பித்தன. ஒருத்தி ஆறுக்கு அப்புறம் எட்டு என்று தாவ, அவளை அதட்டி மறுபடி ஏழிலிருந்து எண்ணினார்கள்.

"...பத்து!"

கை இறங்கியது.

"நான் அசையவே இல்லையே!" என்று குதித்தான் பையன். எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் அவள் மகளும் தரையில் உட்கார்ந்து கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

அம்மா கதவை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"கடைசியா அடிச்சது உங்க பொண்ணைத்தான் மேடம். அதுக்கப்புறம் இந்தப் பத்து நாளா யார் மேலயும் கை வைக்கல."

அம்மா கடிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். வந்த வேகம் போன இடம் தெரியவில்லை.

"பரவாயில்லையே டீச்சர்! எந்தப் புத்தகத்துல படிச்சீங்க இதை?"

"படிக்கல. உங்க பொண்ணுதான் சொல்லிக் கொடுத்தா."

"என் பொண்ணா!" அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "வீட்டுல அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்க்கறோம்ல, அதான்!"

டீச்சர் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நீங்க அடிக்கக் கை ஓங்கினா, அவ சிலையா நின்னுடுவாளாம். அசையாம நின்னா சில சமயம் அடி விழாதாம். நான் ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன் மேடம். இங்கே, கை ஓங்கறவங்கதான் சிலையா நிக்கணும்."