டூயல் கோர் பந்தயம்

"டூயல் கோர் உனக்கு, சிங்கிள் கோர் எனக்கு. சரிதானே மாப்ளே?"

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். "நிஜமாவா அத்தான்? அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"எனக்கு எதுக்குடா ரெண்டு? இருக்கற ஒரு மூளையையே உங்க அக்கா வேலை செய்ய விடறதில்ல."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. மேசைமேல் ஒரே மாதிரியான இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தன. அவற்றில் பொருந்தக்கூடிய, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர்கள் கடையில் இரண்டுதான் மிச்சம். ஒன்றில் ஒரு கோர், மற்றதில் இரண்டு.

சனிக்கிழமை மதியம் இரண்டையும் கேபிளால் இணைத்துப் பழைய கார் ரேஸ் ஒன்று ஓட்டுவதாகப் பந்தயம். ஐந்து சுற்று. மைத்துனன் ஜெயித்தால் இன்னும் ஆறு மாதம் வீட்டிலேயே இருந்து கேம் போட்டிகளுக்குப் பழகலாம், யாரும் வாய் திறக்கக் கூடாது. தோற்றால் திங்கட்கிழமை பார்சல் கிடங்கின் இரவு ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டும். பந்தயத்தை முதலில் சொன்னது அவன்தான். அந்த கேமில் அவன் அத்தானிடம் தோற்றதே இல்லை.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "டேய், உன் சூப்பர்வைசர் மறுபடியும் போன் பண்ணார். உன் இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்."

"இருக்கட்டும்."

"கூப்பிடறப்பவே போனா மரியாதைடா."

"எது மரியாதை? நாப்பது பேர் முன்னாடி ஐடி கார்டக் கழட்டி அவர் மேசையில வீசிட்டு, இந்தப் பக்கம் தலவெச்சும் படுக்க மாட்டேன்னு கத்திட்டு வந்திருக்கேன். இப்ப நானாப் போய் நின்னா, பார்சல் கூடச் சிரிக்கும்."

"அவ்வளவு வாய் எதுக்கு உனக்கு?"

அவன் டூயல் கோரை விளிம்பில் பிடித்து எடுத்துப் பொருத்தினான். கம்ப்யூட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

அக்கா கணவரிடம் திரும்பினாள். "ஏங்க, நல்லதத் தூக்கி அவன்கிட்டக் குடுத்துட்டு நீங்க எப்படி ஜெயிப்பீங்க?"

அத்தான் குரலைத் தணித்தார். "நல்லதுதான். புது கேமுக்கு. இது ரொம்பப் பழசு, ஒரே கோருக்காக எழுதினது. ரெண்டு கோர் இருந்தா ரெண்டு மாமியார் வீட்டு மருமக மாதிரி, யார் சொல்றதக் கேக்கறதுன்னு தெரியாம முழிக்கும். வண்டி திடீர்னு பாயும், திடீர்னு நிக்கும்."

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"அவனுக்குத் தெரிஞ்சா ஏமாத்து. தெரியாத வரைக்கும் பெருந்தன்மை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது. "மூணு மாசமா அந்த ரூம விட்டு வெளிய வரல. எப்படியோ போனாச் சரி."

சனிக்கிழமை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா நடுவர். நான்கு சுற்றுகள் மைத்துனனின் சிவப்பு வண்டி முன்னாலேயே போனது. ஐந்தாவது சுற்றின் கடைசி வளைவைத் தாண்டியதும் சிவப்பு வண்டி சட்டென்று நின்றது. திக்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அழுத்திக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினார்.

மெஷின்மேல் பழி போடுவான் என்று காத்திருந்தார். அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"பேச்சுன்னா பேச்சு அத்தான். திங்கட்கிழமை போறேன்."

அங்கேயே நின்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். "பந்தயத்துல தோத்துட்டேன் சார். வேற வழியில்ல, வந்துதான் ஆகணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

திங்கட்கிழமை மாலை டிபன் பாக்ஸுடன் கிளம்பிப் போனான்.

அன்று ராத்திரி அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "காலையில வந்ததும் அவன்கிட்ட உண்மையச் சொல்லிடப் போறேன்."

"சொல்லி? திரும்பவும் கதவச் சாத்திக்கவா?"

"மனசு கேக்கல. நேரா ஓட்டினா அவன்தான் ஜெயிச்சிருப்பான்."

எழுந்து மைத்துனனின் அறைக்குப் போனார். எவ்வளவு மோசமாகத் திக்கியது என்று தெரிந்துகொண்டால் மன்னிப்புக் கேட்க வசதி. அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து கேமைத் திறந்தார். ஒரு சுற்று ஓட்டினார், திக்கவில்லை. இரண்டாவது சுற்றும் வெண்ணெயில் கத்தி இறங்கியது போலப் போனது. குழம்பிப்போய் செட்டிங்கைப் பார்த்தார். கேம் ஒரே ஒரு கோரில் மட்டும் ஓடும்படி மாற்றப்பட்டிருந்தது. மாற்றிய தேதி, பந்தயத்துக்கு இரண்டு நாள் முந்தையது.

ஓடிய போட்டிகளையெல்லாம் அந்த கேம் தானாகவே பதிந்து வைக்கும். அத்தான் சனிக்கிழமைப் பதிவை ஓடவிட்டார். கடைசி வளைவைத் தாண்டிய சிவப்பு வண்டி, கோட்டுக்குச் சற்று முன்னால் பிரேக் விளக்கு எரிய ஓரமாக ஒதுங்கி, அவருடைய வண்டி வந்து முந்திப் போகும்வரை நின்றுகொண்டிருந்தது.