செய்முறைக்கு ஒரு அம்மா

செவ்வாய், மாலை 6.40. அஞ்சல்வழி உளவியல், செய்முறை, ஏழாவது அமர்வு.

எங்கள் பயிற்சி நோயாளி ஒரு கணினி நிரல்; அதை வீட்டில் இருக்கும் ஒருவரின் குரலையும் ஒரு வருடப் பேச்சையும் வைத்துத்தான் செய்து தருகிறார்கள். சேர்க்கைப் படிவங்களோடு சேர்த்து அம்மாவிடம் அதற்கும் கையெழுத்து வாங்கினேன். அவள் படித்துப் பார்க்கவில்லை, நானும் விளக்கவில்லை.

ஹெட்போனில் அந்தக் குரல் இன்று சொன்னது: "பிரஷர் மாத்திரைய முழுங்குறதே இல்ல மேடம். சிங்க்ல போட்டுடுறேன். போதும்னு இருக்கு. பொண்ணுகிட்ட சொன்னா அவ படிப்பு கெட்டுடும்."

கேள்வியை நான்தான் தவறாகக் கேட்டுவிட்டேனோ? கையேட்டைப் பார்த்து இன்னும் இரண்டு விதமாகக் கேட்டேன். பதில் மாறவில்லை. இது இயந்திரத்தின் ஊகமாகவும் இருக்கலாம். நோயாளி சொன்னதை வெளியே சொன்னால் படிப்பு ரத்து என்பது விதி. மூன்று வருடம் மாலைதோறும் படித்ததெல்லாம் வீண். எழுந்து போய் அம்மாவின் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். நாள் தவறாமல் குறைந்திருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அம்மா டீயோடு வந்தாள். "என்னடி ஜெனிட்டா, முகம் வெளுத்துப் போயிருக்கு? அந்த பேஷண்ட் ரொம்பப் படுத்துறாங்களா?"

"ம்."

"பாவம், யாரு பெத்த புள்ளையோ. சரியாயிடுவாங்களா?"

பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன்.

கேட்டுக்கொண்டே அவள் சிங்க் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.