பின் சீட்டில் எடை

“வந்திருக்கிற கஸ்டமர்கிட்ட சொல்லு. உரசக் கூடாதுன்னா பழைய சக்கரத்தையே மாட்டிக்கச் சொல்லு.”

அப்பா இதை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கஸ்டமர் அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். அவருடைய ஒரே மகள்.

“அம்மா, டிங்கர்கிட்ட சொல்லு. பழைய சக்கரத்தை மாட்ட எனக்கே தெரியும். மட்கார்டை மடக்கத்தான் வந்திருக்கேன்.”

“நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல தபால் பெட்டியா?” என்றாள் அம்மா.

போன வருஷம் வரை மகளும் இதே பட்டறையில்தான் தகரம் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் வேலை பார்த்தாள். ஏ.சி. போட்ட பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்துப் போன அன்றே அப்பா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவள் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அம்மா போனில் பேசும்போது பின்னால் அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே அவள் பேச்சை வளர்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மண் பாதைக் கார் போட்டியில் முதல்முறையாக ஓட்டப் போகிறாள். அதற்காகத் தன் சிவப்புக் காருக்கு அகலச் சக்கரம் போட்டதும், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் இடித்து உரசியது. வண்டியின் உடம்பில் கை வைக்க மாட்டோம் என்று பெரிய ஒர்க்‌ஷாப்பில் மறுத்துவிட்டார்கள். ‘நம்ம பட்டறைக்கே கொண்டு வா’ என்று அம்மாதான் ஒற்றைக்காலில் நின்றாள்.

அப்பா மண்டியிட்டு, மட்கார்டுக்குள் விரலை விட்டுத் தடவினார்.

“உள் மடிப்பு நீட்டிக்கிட்டு இருக்கு. மேலே மடக்கணும். பெயின்ட் வெடிச்சா என்னைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லு.”

“சூடு காட்டி மடக்கினா வெடிக்காதுன்னு சொல்லு.”

அவள் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தாள். அவர் துணி சுற்றிய இரும்புக் குழாயை டயருக்கும் மடிப்புக்கும் நடுவே செருகினார். அவள் சூடு காட்ட, அவர் குழாயை உருட்டி அழுத்த, தகரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே படிந்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. கைகளுக்குத் தெரிந்திருந்தது.

மடிப்பு நெடுக அப்பா சாக்பீஸைத் தேய்த்தார். டயர் பட்டால் அழிந்துவிடும்.

“பின்னால எடை வேணும். அப்பத்தான் வண்டி இறங்கும்.”

அம்மா பையோடு ஏறி இடது பக்கச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தாள். “என் உடம்பைக் கேலி பண்ணினீங்களே, இப்ப அதுதான் உதவுது பாருங்க.”

மகள் ஓட்டினாள். அப்பா பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டார். முதல் வேகத்தடையில் பின்னாலிருந்து சத்தம் வந்தது. சர்ர்ர்.

பட்டறைக்குத் திரும்பியதும் அப்பா குனிந்து பார்த்தார். “சாக்பீஸ் அழியவே இல்லையே!” என்று மகளைப் பார்த்துக் கத்திவிட்டு, சட்டென்று அம்மா பக்கம் திரும்பி, “...ன்னு சொல்லு” என்றார்.

“உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கா இருக்கும்னு சொல்லு.”

பிளாஸ்டிக் தட்டின் ஓரத்தை வெட்டினார்கள். மறுபடி வேகத்தடை. சர்ர்ர்.

“உனக்குக் கேக்குதாம்மா?”

“கேக்காம? காதுக்குப் பக்கத்துலயே கேக்குது.”

அப்பாவின் முகம் சிவந்தது. “இன்னிக்கு நானா இந்த வண்டியான்னு பாத்துடுறேன்.”

“உரசுற வண்டியை எடுத்துக்கிட்டு நானும் போகமாட்டேன்.”

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வண்டிக்கு அடியில் நுழைந்து நடுவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள்.

“ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்” என்றாள் அவள், மேலே பார்த்தபடி.

“தளர்ந்தா சாக்பீஸ் அழிஞ்சிருக்குமே! இதைத்தான் அந்தக் கண்ணாடி மாளிகையில சொல்லித் தராங்களா?”

“அங்கே யாரும் தரையில படுக்கறதே இல்லப்பா. நான் படுத்தா சிரிக்கறாங்க. இது உங்ககிட்டேருந்து ஒட்டின வியாதி.”

அப்பா அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

“சிரிக்கறவனை என்கிட்ட அனுப்பு. வண்டு, அந்த டார்ச்சை இப்படிக் காட்டுடி.”

வண்டு. அவர் செல்லமாகக் கூப்பிடும் அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அவள் இன்னும் நெருங்கி வந்து டார்ச்சைக் காட்டினாள்.

இருந்த திருகுகளையெல்லாம் முறுக்கினார்கள். மடிப்பை இன்னும் ஒரு நூல் மேலேற்றினார்கள். மூன்றாம் தடவை வண்டி கிளம்பியபோது அப்பா கண்ணை மூட மறந்துவிட்டார்.

“மண்ணுல திருப்பம் வந்தா பிரேக்கை மிதிக்காதே. முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கோ. கேக்குதா?”

“கேக்குதுப்பா.”

“ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?”

“காலையில. வர்றீங்களா?”

“வராம? என் மடிப்பு எப்படி ஓடுதுன்னு பாக்க வேணாமா?”

ஒரு வேகத்தடை போயிற்று. இன்னொன்று போயிற்று. பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். சத்தமே இல்லை. அப்பா டாஷ்போர்டை ஓங்கித் தட்டினார். “போச்சு பாத்தியா! விடுவேனா நான்?”

பட்டறை வாசலில் இறங்கியதும் அவர் கை கழுவ உள்ளே போனார். கிளம்பும் முன் அம்மாவின் பையை எடுத்துக் கொடுக்கலாம் என்று மகள் பின் கதவைத் திறந்தாள். பைக்கு அடியில் தேய்ந்து மொட்டையான ஒரு உப்புத்தாள் கிடந்தது. கதவின் உட்புறம், சீட்டோரமாக, உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து ஒரே கீறலாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தெருவைப் பார்த்தபடி விரல் நுனியிலிருந்த சிவப்புத் தூளை ஊதிக்கொண்டிருந்தாள்.

மகள் உப்புத்தாளை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: “அப்பா, முன் சக்கரமும் லேசா உரசுற மாதிரி இருக்கு! போட்டி முடிஞ்சதும் திங்கட்கிழமை மறுபடி வரேன். அம்மாவையும் உட்கார வச்சுத்தான் பாக்கணும்!”