அதிரும் பெட்டி

நன்கொடை திரட்டும் நாளன்று சந்தைக்காரர்கள் ஒவ்வொருவரும் அவரவர் வாடிக்கையாளர்களிடம் கேட்பதாக ஏற்பாடு. மாலைக்குள் தொகை சேர்ந்தால்தான் காது கேளாத அமலிக்கு அறுவைச் சிகிச்சை. மகளை மடியில் வைத்தபடி மீன் கடையில் புஷ்பம் காத்திருந்தாள். கைபேசியில் யாராவது பணம் அனுப்பியதும் உரக்கச் சொல்லும் பெட்டி காலையிலிருந்து வாயே திறக்கவில்லை.

"காசு போகுதான்னு பாக்க ஒரு ரூவா போட்டிருக்கேன்க்கா," என்றாள் மீன் வாங்க வந்தவள்.

"நல்லா பாத்த போ! ஒரு ரூவாய்க்குச் செதிலுகூட வராதுடி," என்று புஷ்பம் சிரித்தாள்.

பெட்டி முழங்கியது. அதன்மேல் கை வைத்திருந்த அமலி, உள்ளங்கையில் ஏறிய அதிர்வில் துள்ளிச் சிரித்தாள். அதைப் பார்த்தவள் மறுபடி அனுப்பினாள். பின்னால் நின்றவரும் அனுப்பினார். அதற்கப்புறம் பெட்டியை யாரும் ஓயவிடவில்லை. அந்தச் சிறு கைக்குள் கடவுளே வந்து பேசுவதுபோல் புஷ்பத்துக்கு உடம்பு சிலிர்த்தது. "அமலி," என்றாள், தன்னையறியாமல்.

குழந்தை மறு கையை அம்மாவின் தொண்டையில் வைத்தது.