எதிர் வரிசை

அந்த ஆள் மறுபடியும் அவளையே பார்த்தான்.

அவள் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள், கீழே வைத்தாள், திரும்ப மடியில் வைத்தாள். ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் போட்டிருந்த ஒற்றை வரிசையில் ஏழெட்டுப் பேர்தான். அவர்களும் போனுக்குள் தலையைப் புதைத்திருந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மகளுக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத பெண். ஆட்டத்தையே விழுங்கிவிடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் எளிதுதான். தூரத்தில் ஒரு வெள்ளைப் பந்து. அதை ஒட்டி யார் தன் பந்தை நிறுத்துகிறாரோ அவருக்குப் புள்ளி. கையால் எறிய முடியாதவர்களுக்கு ஒரு சாய்வுப் பலகை. எதிரே ஒருவர் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்ள, ஆட்டக்காரர் தலையில் கட்டிய குச்சியால் பந்தைத் தள்ளி உருட்டிவிட வேண்டும்.

சிவப்புச் சட்டை போட்ட பெண்ணுக்குப் பலகை பிடித்தவன்தான் அந்த ஆள். "மீசை முளைச்ச வயசுலேருந்து தலை நரைக்கிற வரைக்கும் இந்தப் பிள்ளைங்களுக்குத்தான் சொல்லிக் கொடுக்கிறார். போய்ப் பாருங்க" என்று மருத்துவர் இவளை அனுப்பிவைத்த பயிற்சியாளர்.

ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சிவப்புச் சட்டைக்காரி "இடது பக்கம், இன்னும் கொஞ்சம்" என்றால் பலகையைத் திருப்புவான். பந்து உருண்டதோ இல்லையோ, கண் நேரே எதிர் வரிசைக்கு, இவள் முகத்துக்கு வந்துவிடும். பந்து எங்கே போயிற்று என்று ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

சிவப்புப் பந்து ஒன்று வெள்ளையை உரசிக்கொண்டு நின்றது. இவள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். அவனும் பல்லைக் காட்டினான்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து மகளுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவன் கண்ணும் கூடவே வந்தது.

எதிராளியின் நீலப் பந்து வந்து சிவப்பைத் தட்டிவிட்டது. அடடா என்று உதட்டைக் கடித்தாள். அவன் முகமும் சுருங்கிப்போயிற்று. நடிப்பைப் பார், என்று பல்லை நறநறத்தாள்.

போன் அடித்தது. கணவன்.

"மாஸ்டரைப் பாத்தியா? என்ன சொன்னாரு?"

"மாஸ்டரா? அந்த ஆளு லட்சணத்தை வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"இவளை இங்க விடறதா இல்ல. அவ்வளவுதான்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு மகளின் நாற்காலியைத் திருப்பப் போனாள்.

"இரும்மா, கடைசிப் பந்து. இது ஒட்டி நின்னா அவங்க ஜெயிச்சுடுவாங்க."

சிவப்புச் சட்டைக்காரி தலையைக் குனிந்து பந்தைத் தள்ளினாள். பந்து மெல்ல, மிக மெல்ல உருண்டது. அந்த ஆளோ கண்கொட்டாமல் இவளைப் பார்த்தான், ஏதோ கெஞ்சுகிற மாதிரி.

போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. வெடுக்கென்று முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் மகள் "அம்மா, ஒட்டி நின்னுடுச்சும்மா" என்றது கேட்டது.

நடுவர் முடிவைச் சொன்னதும் விறுவிறுவென்று அந்த ஆளின் முன்னால் போய் நின்றாள்.

"உங்க வயசென்ன? இந்தப் பொண்ணு உயிரைக் கொடுத்து ஆடுது. ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தீங்களா? வந்த இடத்துல பொம்பளையப் பாத்துக்கிட்டு உட்காந்திருக்கீங்க. உங்களை நம்பி நான் எப்படிப் புள்ளைய விடுவேன்?"

அவன் வாயைத் திறக்குமுன் சிவப்புச் சட்டைக்காரி சிரித்துவிட்டாள். அவளுக்கு வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"அவர் திரும்பினா... என் ஆட்டம் போயிடும் அக்கா. பலகை பிடிக்கிறவங்க... ஆட்டத்தைப் பாக்கக் கூடாது. பேசவும் கூடாது. அதான் சட்டம்."



பயிற்சியாளர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. மத்தவங்கல்லாம் போன்ல இருந்தாங்க. உங்க முகத்துலதான் எனக்கு ஆட்டமே தெரிஞ்சுது" என்றார். "கடைசிப் பந்துக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்களே."