வளைகால்

இவ்வளவு வளைத்தால் பிள்ளை புரளும்போது தொட்டிலும் சேர்ந்து கவிழும். இது ஏன் இவருக்குத் தெரியவில்லை?

சாந்தமேரி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மெரந்தி மரப் பலகையில் அடித்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே மூங்கில் பத்தையை வைத்து, நடுவில் கட்டைவிரலால் தள்ளி, வில்லாக வளைத்துப் பிடித்திருந்தாள். அதை ஒட்டி அவள் கணவன் வாலண்டைன் பென்சிலை இழுக்க வேண்டும். அந்தக் கோட்டில் அறுத்தால் தொட்டிலை ஆட்டுகிற வளைகால் வந்துவிடும்.

மூன்றாவது தடவையாகப் பத்தை நழுவியது.

"என்ன மேரி, கையில எண்ணெயா? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் குடுத்தாகணும்."

"வளைவக் கொஞ்சம் குறைங்க. கவிழ்ந்துரும்."

"நல்லா ஆடுனாத்தான் கிராணியம்மாவுக்குப் பிடிக்கும்."

ரப்பர் விலை விழுந்து, ரயில் பட்டறையில் ஆட்களைக் குறைத்தபோது அவருக்கும் வேலை போனது. ஐந்து மாதமாயிற்று. பட்டறை எழுத்தர், பிள்ளையில்லாத பேசில் கிராணி மனம் வைத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் எல்லோரும் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

விட்டத்தில் தொங்கிய சேலைத் தூளியில் அவளுடைய மூன்று மாதக் குழந்தை சிணுங்கியது. "கிராணி வீட்டுக்கு மரத்தொட்டில், ஒன் புள்ளைக்குக் கிழிஞ்ச சேலையா?" என்று பக்கத்து வீட்டுத் தங்கமணி காலையில்தான் சீண்டிவிட்டுப் போயிருந்தாள். சாந்தமேரி சிரிக்கவில்லை.

"புள்ளைய அப்புறம் எடுக்கலாம், பிடி" என்றார் வாலண்டைன். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார். "கிராணி வீட்டுல எல்லாம் தயாரா இருக்காம். மெத்தை தைச்சாச்சு. டின் பால்கூட வாங்கி அடுக்கிட்டாங்களாம்."

அவள் கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினாள். வளைவு தணிந்தது.

"இப்பப் போடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கோடு போட்டார்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் வாசலில் நின்ற தொட்டிலை வாலண்டைன் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். மெல்ல ஆடி நின்றது.

"நீ சொன்னதுதான் சரி" என்றபடி அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அவள் கண்ணைப் பார்க்காமல், "காத்துக்கிட்டு இருப்பாங்க. புள்ளையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. அங்க அது நல்லா வளரும்" என்றார்.

சாந்தமேரி தூளிக்குள் குனிந்து மகளை எடுத்தாள். மார்போடு சேர்த்துக்கொண்டு, வாசற்படிக்கு உள்ளேயே நின்றாள்.

"தொட்டில மட்டும் குடுத்துட்டு வாங்க."