பெனலபியின் வீர ஓட்டம்

“எதிரிக்கும் நமக்கும் இடையே ஒரு மைல்தான், வீரர்களே! வேகம்! இன்னும் வேகம்!”

மேல்தளத்திலிருந்து இறங்கும் பேச்சுக்குழாய் வழியாக கேப்டன் க்ரேன்டலின் குரல் முழங்கியது. உலைகளின் முன்னால் கரி அள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஹோவென்று கத்தினார்கள். இன்ஜினியர் ஹைரம் மட்டும் கத்தவில்லை. அவர் கண் கொதிகலனின் விலாவில் விரிசலை மூடப் போட்டிருந்த இரும்பு ஒட்டின் மேலேயே இருந்தது. ஒட்டு வியர்க்க ஆரம்பித்திருந்தது.

‘பெனலபி’ அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு நியூயார்க்கில் மாட்டையும் வண்டியையும் அக்கரை சேர்த்த நீராவிப் படகு. வடக்கத்தியார் அதன் மூக்கில் ஒரு பீரங்கியைத் தூக்கி வைத்துப் போர்க்கப்பல் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். தெற்கத்தியாரின் துறைமுகத்துக்கு ஒரு மூட்டை உப்புகூடப் போய்ச் சேராமல் வட கரோலினாக் கரையை அடைத்துக்கொண்டு நிற்பது அதன் வேலை.

ஒரு வருஷமாக நின்றதில் பிடித்தது ஒரே ஒரு மீன்பிடிப் படகு. உள்ளே இருந்தது தர்ப்பூசணி. கேப்டன் வாஷிங்டனுக்கு அனுப்பிய அறிக்கையில் தர்ப்பூசணி என்ற சொல்லே கிடையாது. ‘பகைவரின் உணவு வழியைத் துண்டித்தோம்’ என்று இருந்தது.

“இன்னிக்காவது பெரிய கப்பலா மாட்டட்டும் சார்,” என்றான் அயர்லாந்துக்காரன் டெக்லன். “பட்டு, பிராந்தி, பிடிச்ச சரக்குல ஆளுக்கு ஒரு பங்கு. இந்தப் புழுத்த பன்னிக்கறிக்கு ஒரு கும்பிடு போட்டுடலாம்.”

“முதல்ல இந்த ஒட்டு தாங்கட்டும்டா. இது பிரிஞ்சா பங்கு வாங்க உனக்குக் கை இருக்காது.”

குழாய் மறுபடி முழங்கியது. “முக்கால் மைல்! இன்ஜினியர், உலையில் பன்றிக்கறியைப் போடுங்கள்! கொழுப்பு நன்றாக எரியும்!”

பீப்பாய்களை உருட்டி வந்தார்கள். மூடியைத் திறந்ததுமே இரண்டு பேர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்கள். கறி உலையில் விழுந்ததும் கிளம்பிய நாற்றம் எல்லாருடைய தொண்டையிலும் பிசினாக ஒட்டிக்கொண்டது.

“இதையா சார் இத்தனை நாளா தின்னோம்?” என்றான் ஜூபல். தெற்கே ஒரு பண்ணையில் அடிமையாகக் கிடந்தவன். தப்பித்துத் துடுப்புப் போட்டு இந்தக் கப்பலுக்கு வந்து சேர்ந்தவன். “அடுப்புக்கே குமட்டுது பாருங்க.”

அப்போது ‘டமால்’ என்று ஒரு வெடி. டெக்லன் மண்வெட்டியைத் தூக்கி ஆட்டினான். “சுட்டாச்சு! நம்ம பீரங்கிதான்!”

ஜூபல் தலையைச் சாய்த்துக் கேட்டான். “நம்மளுது முன்னாடியில்ல இருக்கு? சத்தம் பின்னாடியிருந்து வருதே?”

“கடல்ல எதிரொலி அப்படித்தாண்டா வரும். நீ கரியப் போடு.”

“அரை மைல்!” என்றது குழாய். இந்த முறை குரல் கொஞ்சம் கீச்சிட்டது. மகிழ்ச்சியில் மனுஷனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று கீழே பேசிக்கொண்டார்கள்.

ஹைரம் குழாயில் வாயை வைத்தார். “கேப்டன், ஒட்டு பிரியுது. வேகத்தைக் குறைச்சே ஆகணும். கீழ இத்தனை பேர் இருக்கோம், வெந்து செத்துடுவோம்.”

“குறைப்பதா? வருங்காலம் நம்மைக் காறித் துப்பாதா? நீராவி வெளியேறும் வால்வைக் கட்டிவிடு! ஒரு மூச்சு ஆவிகூட வீணாகக் கூடாது. இது உத்தரவு!”

ஹைரம் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியால் வால்வைக் கட்டினார். ஆவிக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் கொதிகலனே வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

“கால் மைல்!” என்று குழாய் அலறியது. கீழே மறுபடி ஹோவென்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தோடு ஒட்டும் பிய்த்துக்கொண்டது. சீறி வந்த ஆவி ஜூபலின் வலது கையில் அடித்தது. தோல் கையுறை போலக் கழன்று தொங்கியது.

ஹைரம் கம்பியை அறுத்து வால்வைத் திறந்துவிட்டார். “உலை நெருப்பை இழுத்து வெளிய கொட்டுங்கடா!” என்று கத்தினார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

“யார் நிறுத்தியது? எல்லாம் போச்சே! பாவி, கெடுத்தாயே!”

“உங்க வருங்காலம் ஜூபலோட தோலை உரிச்சுப்புடுச்சு, கேப்டன். நீங்க அதையே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.” எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குழாயின் வாயில் அடைத்தார் ஹைரம்.

ஜூபலைத் தாங்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். இவ்வளவு கேடுக்கும் காரணமான அந்தக் கப்பலைக் கண்ணாலாவது பார்க்க வேண்டும் என்று டெக்லன் நேராக முன்பக்கம் ஓடினான். அங்கே வெறும் கடல். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பாய்கூட இல்லை. பீரங்கியின் மேல் போர்த்திய உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை.

கேப்டன் பின்பக்கம் இருந்தார். உயிர்காப்புப் படகு பாதி இறங்கியிருந்தது. அதில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது அவருடைய தோல் பெட்டி. அவர் கையில் வெள்ளைக் கைக்குட்டை.

பின்னாலிருந்து ஒரு கப்பல் மெதுவாக வந்து உரசி நின்றது. உச்சியில் பெனலபியில் பறக்கும் அதே வடக்கத்திக் கொடி. தளம் முழுக்க வெங்காயச் சரங்களும் தொங்கவிட்ட மாட்டுத் தொடைகளும். வெறும் வெடி போட்டுக் கூப்பிட்டுக் கைசலித்த ஒரு குண்டு மனிதர், புகை படிந்த முகத்தோடு எட்டிப் பார்த்து, மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்:

“யோவ், கறியும் காயும் குடுக்க வந்தவனைப் பாத்து எதுக்குய்யா இந்த ஓட்டம் ஓடுறீங்க?”